அது எழுத்துப்பிழை இல்லை, அவர் பெயர்



பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் வழக்கம்போல ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் என் மகள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு படம் போட்டாள். பேத்தி பள்ளிக்காகச் செய்த சார்ட். அதில் ஒரு பெயர், அந்தப் பெயரின் நடுவில் ஒரு எழுத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம், மேலே "சரியான" எழுத்து. வட்டம் போட்டது நான். "அப்பா ரிட்டையர் ஆகிப் பதினாறு வருஷம் ஆச்சு, சிவப்புப் பேனா இன்னும் சர்வீஸில்தான் இருக்கு" என்று மகள் கிண்டலாக எழுதியிருந்தாள். அதை யாரோ நம் பழைய மாணவர் குழுவுக்கும் தள்ளிவிட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்குப் பாராட்டு மழைதான். "ஐயா ஐயாதான்" என்று நாற்பது பேர். இப்போது தலைமையாசிரியராக இருக்கும் ஒரு தம்பி, "எழுத்துப்பிழையை ஸ்டைல் என்று சொல்லும் காலம் வந்துவிட்டது, கலி முற்றிவிட்டது சார்" என்று எழுதியிருந்தார். என் சகலை ஒரு படி மேலே போய், "எழுதவே தெரியாதவளுக்கு எதுக்கு மைக்?" என்று கேட்டார். அண்ணன் மகன், கம்ப்யூட்டர் இன்ஜினீயர், "போனில் அடித்தால் அதுவே திருத்திவிடுகிறது சித்தப்பா, மிஷினுக்கே தெரிகிறது" என்றான்.

அத்தனை பேருக்கும் நன்றி. ஆனால் தப்பு செய்தது நான். நீங்கள் பாராட்டியது ஒரு தப்பை. முப்பத்து நான்கு வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், தயவுசெய்து அந்தக் கும்பிடுகளையும் கைதட்டல்களையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

நடந்தது இதுதான். நான் இப்போது கலிபோர்னியாவில், சான் ஹோசே நகரத்தில், மகள் வீட்டில் இருக்கிறேன். பேத்தி பதினோராம் வகுப்பு. குடியேறி வந்தவர்களைப் பற்றிய ஒரு பாட்டை எடுத்து, அதை உருவாக்கியவர்கள் யார் யார் என்று எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் எடுத்தது "இமிக்ரன்ட்ஸ்" என்று தொடங்கும் தலைப்புள்ள ஒரு ராப் பாட்டு. 2016 கடைசியில் "தி ஹாமில்டன் மிக்ஸ்டேப்" என்ற தொகுப்பில் வந்தது. நான்கு பேர் பாடியிருக்கிறார்கள். சோமாலியாவில் பிறந்து கனடாவுக்குப் போன கெய்னான், பாகிஸ்தான் வழிக் குடும்பத்தில் இங்கிலாந்தில் பிறந்த ரிஸ் எம்சி, போர்ட்டோ ரிக்கோக்காரர் ரெசிடென்டே, நான்காவதாக ஒரு பெண். மெக்சிகோவிலிருந்து வந்த பெற்றோருக்கு இதே சான் ஹோசேயில் 1987ஆம் ஆண்டு பிறந்தவர். வீட்டுப் பெயர் க்ளாடியா. மேடைப் பெயர் ஸ்னோ த ப்ராடக்ட்.

அந்த "த" என்ற சொல்லில்தான் வினை. ஆங்கிலத்தில் அதை டி, ஹெச், ஏ என்று எழுதுகிறார் அவர். நமக்குத் தெரிந்தது டி, ஹெச், இ. கண்ணில் பட்டதும் என் கை தானாகப் போய் வட்டம் போட்டு, ஏ-யை அடித்து இ எழுதிவிட்டது. பேத்தி பார்த்துவிட்டு, "தாத்தா, நான் தப்பா எழுதல. அவங்க பேரே அதுதான்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பேரா இருந்தாலும் ஸ்பெல்லிங் ஸ்பெல்லிங்தான்."

அந்த வாக்கியத்துக்குத்தான் நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். அதைத்தான் இப்போது உடைக்கப் போகிறேன்.

முதலில் இலக்கணத்தையே எடுத்துக்கொள்வோம், நம் பலம் அதுதானே. என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவர்கள் யாராவது எழுந்து நின்று சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் மெய்யொலி வந்தால் எப்படி உச்சரிக்க வேண்டும்? உயிரொலி வந்தால் எப்படி? "த புக், தி ஆப்பிள்." வகுப்பே கோரஸாகச் சொல்லும், ஜன்னல் கம்பி அதிரும். ப்ராடக்ட் என்பது எதில் தொடங்குகிறது? ப்-இல். அப்படியானால் உச்சரிப்பு "த". அந்தப் பெண் அந்த உச்சரிப்பை அப்படியே காகிதத்தில் எழுதியிருக்கிறார். காதில் விழுவதை எழுதினார். நாம் தமிழில் "ஸ்னோ தி ப்ராடக்ட்" என்று எழுதுகிறோமே, அதுதான் நான் சொல்லிக்கொடுத்த விதிப்படி தப்பு. குழுவில் பதினோரு பேர் அப்படி எழுதியிருந்தீர்கள், எண்ணிப் பார்த்தேன். எல்லாருக்கும் அரை மார்க் கட்.

சகலை கேட்டாரே, எழுதத் தெரியாதவளா என்று. அந்தப் பாட்டின் முழுத் தலைப்பையும் தொகுப்பின் பெயரையும் எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் அதே சொல் வருகிறது, இரண்டிலும் இ போட்டுத்தான் அச்சாகியிருக்கிறது. அதே வரிசையில் அவர் பெயரில் மட்டும் ஏ. ஒரே அட்டையில் ஒரே சொல் இரண்டு விதமாக இருக்கிறதென்றால், அச்சுக்குக் கொடுத்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும் என்று அர்த்தம். தெரியாமல் இருந்தது எனக்குத்தான். பிழை என்பது தெரியாமல் வருவது. தெரிந்தே வைத்ததற்குப் பிழை என்று பெயரில்லை.

இந்த எழுத்தமைப்பு அவர் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் முன்பே எழுதி வைத்த வழக்கம். 1990களில் த டாக் பவுண்ட், த அல்கஹாலிக்ஸ் என்று இசைக்குழுக்கள் இருந்தன. ஸ்னூப் டாக் 1996இல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயரிலும், லில் வெய்ன் 2004இல் தொடங்கிய "த கார்ட்டர்" வரிசையிலும் இதே ஏ-தான். வல்லேஹோ ஊர்க்காரர் பேபி பேஷ், அவரும் தாய்வழியில் மெக்சிகோக் குடும்பம், 2003இல் போட்ட ஆல்பத்தின் பெயரும் இந்த ஏ-யில்தான் தொடங்குகிறது. அதில் இருந்த "சுகா சுகா" பாட்டு அமெரிக்கா முழுக்க ஓடியது. "சுகர்" என்ற சொல்லைப் பேச்சில் வருகிறபடியே கடைசி எழுத்தை விட்டுவிட்டு எழுதியிருக்கிறார்கள். இத்தனையும் பேத்தி சொல்லிக்கொடுத்தாள், நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுபத்து நான்கு வயதில் நோட்டு எடுத்தவன் சொல்கிறேன், ஒரு தெருவில் பேசுகிற பேச்சை அந்தத் தெருக்காரர்கள் எழுத்தில் கொண்டுவர எடுத்த முடிவு அது. நாம் கரிசல் வட்டார வழக்குக் கதைகளைப் படித்துவிட்டு "அடடா, மண்வாசனை" என்று சொல்வதில்லையா? அங்கே மண்வாசனை, இங்கே மட்டும் படிப்பில்லாத குறையா?

இப்போது என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். பீட்டில்ஸ் என்று உருகுவீர்களே. கல்லூரி விடுதியில் டிரான்சிஸ்டரைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு கேட்டோமே. வண்டு என்று அர்த்தம் வரும் அந்தச் சொல்லில் இரண்டு இ வர வேண்டும். அவர்கள் என்ன செய்தார்கள்? இரண்டாவது இ-யை எடுத்துவிட்டு ஏ போட்டார்கள், தாளம் என்ற சொல் உள்ளே தெரியட்டும் என்று. இ-யை எடுத்துவிட்டு ஏ. இந்தப் பெண் செய்ததும் அட்சரம் பிசகாமல் அதேதான். லிவர்பூல் பையன்கள் நான்கு பேர் செய்தால் சொல் விளையாட்டு. மெக்சிகோக்காரர் மகள் செய்தால் எழுதத் தெரியாதவள். அண்ணன் மகனே, நீ தினமும் எதையாவது தேடுகிற கூகுள்கூட, ஒன்றுக்குப் பின் நூறு சைபர் போடும் எண்ணுக்கு வைத்த பெயரை எழுத்து மாற்றி வைத்ததுதான். அதை உன் மிஷின் திருத்துகிறதா? திருத்தாது. எது பெயர், எது பிழை என்று மிஷினுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பெரிய கம்பெனி பெயரைச் சொல்லிக்கொடுத்தார்கள், இவர் பெயரைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவ்வளவுதான் அதன் அறிவு.

நோவா வெப்ஸ்டர் என்று ஒரு அகராதிக்காரர், அமெரிக்காவில். 1806இல் ஒன்று, 1828இல் பெரிதாக ஒன்று என்று அகராதி போட்டார். இங்கிலாந்துக்காரன் நிறத்துக்கு எழுதும் சொல்லில் இருந்த யு-வைத் தூக்கிப் போட்டார். தியேட்டரில் கடைசி இரண்டு எழுத்தை இடம் மாற்றினார். நாக்கு என்ற சொல்லை டி, யு, என், ஜி என்று நான்கே எழுத்தில் எழுதலாம் என்றுகூடச் சொன்னார், அது மட்டும் எடுபடவில்லை. காதில் கேட்பதுபோல எழுத வேண்டும் என்பதுதான் அவர் வாதம். அவரைச் சீர்திருத்தவாதி என்கிறோம். அவர் மாற்றியது ஒரு தேசத்துக்கே எழுத்து. இந்தப் பெண் மாற்றியது தன் பெயரில் ஒரே ஒரு எழுத்து, அடுத்தவர் யாரும் அப்படி எழுத வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை.

ஒரு எழுத்துதானே, இதற்கு இவ்வளவு பேச்சா என்று நினைப்பீர்கள். இங்கே மெக்சிகோ வழி மக்களின் பெயரில் ஒரு எழுத்து என்பது சின்ன விஷயமாக இருந்ததில்லை. இந்தக் கலிபோர்னியாவே 1848 வரை மெக்சிகோவைச் சேர்ந்தது. ஊர்ப் பெயர்களில் பாதி ஸ்பானிஷ். நான் இருக்கும் சான் ஹோசேயின் கடைசி எழுத்துக்கு மேல் ஸ்பானிஷில் ஒரு சாய்கோடு உண்டு. நகராட்சி தன் பெயரை அந்தக் கோட்டோடுதான் போட்டுக்கொள்கிறது. நெடுஞ்சாலைப் பலகையில் கோடு கிடையாது.

ஊரின் கோடு போனால் போகிறது. ஆளின் கோடு? 1986இல் இந்த மாநிலத்தில் மக்கள் வாக்களித்து ஆங்கிலத்தை அதிகார மொழியாக்கினார்கள். அதற்கு அதிகாரிகள் சொன்ன விளக்கத்தின்படி, பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தின் 26 எழுத்துகள் மட்டும்தான் வரலாம் என்று ஆனது. ஸ்பானிஷில் என் என்ற எழுத்தின் தலையில் ஒரு அலைக்கோடு போட்டால் அது வேறு எழுத்து, ஒலி "ன்ய". நம் ன-வும் ஞ-வும் போல. பேன்யா என்று ஒரு குடும்பப் பெயர் உண்டு, பாறை என்று பொருள். தலையில் உள்ள கோட்டை எடுத்துவிட்டால் அது பேனா ஆகிவிடும். பேனா என்றால் அவர்கள் மொழியில் துயரம். பெற்றவர்கள் பாறை என்று எழுதிக்கொடுக்க, சான்றிதழில் துயரம் என்று வந்தது. இதை மாற்ற ஒரு மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி 2017இல் கவர்னரிடம் போனது. செலவு பிடிக்கும், மற்ற அரசுப் பதிவேடுகளோடு ஒத்துப்போகாது என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு கோடு!

அதற்கும் முந்தைய கதை ஒன்று இருக்கிறது. ஆசிரியராக இருந்த ஒவ்வொருவரும், இப்போது இருக்கிற ஒவ்வொருவரும் இதை மட்டுமாவது நின்று படியுங்கள். டெக்சாஸ் மாநிலத்தில் மார்ஃபா என்று ஒரு சின்ன ஊர். அங்கே மெக்சிகோக் குழந்தைகளுக்கென்று தனியாகப் பிரித்து வைத்திருந்த பள்ளி, பிளாக்வெல் பள்ளி. ஸ்பானிஷ் பேசினால் அடி. 1954இல் அந்தப் பள்ளியில் ஒரு சவ அடக்கம் நடத்தினார்கள். "மிஸ்டர் ஸ்பானிஷ்" என்ற மொழிக்குச் சவ அடக்கம். இனி ஸ்பானிஷ் பேச மாட்டேன் என்று பிள்ளைகளைத் துண்டுச் சீட்டில் எழுத வைத்து, ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். நடத்தியவர்கள் யார்? ரவுடிகள் இல்லை. வாத்தியார்கள். பிள்ளைகளின் நல்லதுக்கு என்று நம்பிய வாத்தியார்கள். கையில் சாக்பீஸ் தூசியோடு, நம்மைப் போல.

2007இல் அந்தப் பிள்ளைகள், கிழவன் கிழவிகளாகத் திரும்பி வந்து, அதே இடத்தில் ஒரு ஸ்பானிஷ் அகராதியைத் தோண்டி எடுத்து ஒரு சடங்கு நடத்தினார்கள். 2022இல் அந்தப் பள்ளியைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக்கச் சட்டம் வந்தது. பேத்தியின் பாடத்தில் இது இருக்கிறது. வாசித்துக் காட்டினாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் சனத்திலிருந்து ஒரு பெண் வருகிறார். சின்ன வயதில் தாத்தாவோடு மரியாச்சி பாட்டு பாடியவர். ஒரே மூச்சில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் மாற்றி மாற்றி, நமக்குக் காது பிடிக்க முடியாத வேகத்தில் பாடுகிறார். முதலில் தனக்கு ஸ்னோ ஒயிட் என்று பெயர் வைத்துக்கொண்டார், அந்தச் சினிமா இளவரசி பெயர். டிஸ்னிக்காரர்களோடு வம்பு வேண்டாம் என்று பிறகு ஒயிட்டை எடுத்துவிட்டார். வெள்ளை போய்விட்டது, பனி மட்டும் நின்றது. அதை நினைத்து நான் தனியாகச் சிரித்தேன். பெரிய கம்பெனி ஒன்று ஒப்பந்தம் போட்டது, சில வருஷத்தில் அதைவிட்டு வெளியே வந்து சொந்தமாகவே பாட்டு வெளியிட்டார். 2021இல் அர்ஜென்டினாவின் பிஸாராப் என்பவரோடு செய்த பாட்டு ஸ்பானிஷ் பேசும் நாடுகளிலெல்லாம் ஓடியது. இந்த "இமிக்ரன்ட்ஸ்" பாட்டின் வீடியோவுக்கு 2017இல் எம்டிவி விருது. அந்தப் பிரிவில் போட்டியிட்ட ஆறு வீடியோக்களுக்குமே கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது வந்து என்னைத் திருத்துவீர்கள்.

இத்தனைக்கும் பிறகு அந்தப் பெயரை எங்காவது எழுதும்போது ஒருவர் இ போடுகிறார். பாட்டைப் பிடித்தவரும் போடுகிறார், பிடிக்காதவரும் போடுகிறார். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. "பாவம், தப்பா அடிச்சிருக்காங்க, நாம சரி பண்ணிடுவோம்" என்ற நல்லெண்ணம். அந்த நல்லெண்ணத்தின் மேல்தான் எனக்குக் கோபம். வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறவனிடம் சண்டை போடலாம். நல்லது செய்கிறேன் என்று உன் பெயரை அழிக்கிறவனிடம் என்ன சொல்வாய்?

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், நம்மில் நிறையப் பேருக்கு அப்படித்தானே. குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கு ஏது? அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் கட்டத்தில் எஃப், என், யு என்று மூன்று எழுத்து போட்டுக் கொடுத்தார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். இங்கே வந்த இரண்டாவது வாரம் ஒரு மருந்துக் கடையில் காத்திருந்தேன். கவுன்டரில் இருந்த பெண் "ஃப்னூ! ஃப்னூ!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். யாரோ சீனாக்காரர் போல என்று நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறேன். மகள் வந்து, "அப்பா, உங்களைத்தான்" என்றாள். அன்று வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கத்தினேன். என் அப்பா வைத்த பெயரை இவர்கள் யார் மாற்றுவதற்கு என்று. பேத்திதான் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சரியாக மூன்று வாரம் கழித்து அவளுடைய சார்ட்டில் நான் வட்டம் போடுகிறேன்.

இனி நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். "அப்போ பரீட்சையில் பிள்ளைகள் இப்படி எழுதினால் மார்க் போடுவீங்களா ஐயா?" மாட்டேன். கட்டுரையில் அப்படி எழுதினால் இன்றைக்கும் வட்டம்தான். நம் பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பம் எழுத வேண்டும், அங்கே இந்தச் சலுகை யாரும் தர மாட்டார்கள். ஆனால் சொல் வேறு, பெயர் வேறு. சொல் ஊருக்குப் பொது, அதன் எழுத்தை அகராதி சொல்லும். பெயரை அதன் சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும். கந்தசாமி கடைக்குப் போய், "சரியான வடிவம் ஸ்கந்தஸ்வாமி, பலகையை மாற்றுங்கள்" என்று யாராவது சொன்னால் கல்லாவில் இருப்பவர் எதை எடுத்து எறிவார் என்று உங்களுக்கே தெரியும்.

"கெட்ட வார்த்தை பாடுகிறவருக்கு இவ்வளவு வக்காலத்தா?" என்றும் ஒரு உறவினர் கேட்டார். ஆம், சில பாட்டுகளில் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை, பேத்தியிடமும் சொன்னேன். அதனால்? பிடிக்காத ஆளின் பெயரைத் தப்பாக எழுதலாம் என்று எங்கே விதி இருக்கிறது? வகுப்பில் முரடனாக இருந்தவன் பெயரையும் வருகைப் பதிவேட்டில் சரியாகத்தான் எழுதினேன்.

இதை எழுதிவிட்டு அரை மணி நேரம் நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அந்தக் கடைசி வரி பொய்.

1987. அந்தப் பெண் இங்கே பிறந்த வருஷம். நான் பத்தாம் வகுப்பு வகுப்பாசிரியர். அரசுத் தேர்வுக்கு நாமினல் ரோல் தயாரிக்கிறேன். ஒரு பையன். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவன் அப்பா, ஆடு மேய்க்கிறவர், கைநாட்டு. தன் அப்பன் பெயரைப் பிள்ளைக்கு வைத்திருக்கிறார். அந்தக் குடும்பத்தில் அந்தப் பெயரைச் சொல்கிறபடியே, நடுவில் வ வர வேண்டிய இடத்தில் ய வரும்படி, ஆரம்பப் பள்ளியில் யாரோ ஒரு நல்ல வாத்தியார் எழுதி வைத்திருந்தார். நான் அடித்தேன். ய-வை எடுத்து வ போட்டேன். "படிச்சவன் பேரு மாதிரி இருக்கணும்டா" என்றேன். பையன் எதுவும் பேசவில்லை. அப்பா கும்பிட்டுவிட்டுப் போனார்.

தாத்தாவின் பத்திரத்தில் ய. ரேஷன் கார்டில் ய. சான்றிதழில் மட்டும் வ. பல வருஷம் கழித்து, நிலத்தைப் பாகம் பிரிக்கும்போதும் பிறகு வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போதும் அந்த ஒரு எழுத்துக்காக அவன் எத்தனை அலுவலகம் ஏறி இறங்கினான், எத்தனை அபிடவிட் எழுதினான், பேர் மாற்றத்துக்கு அரசிதழில் விளம்பரம் கொடுக்க எவ்வளவு அலைந்தான் என்பதெல்லாம் எனக்கு அடுத்தவர் வாயால்தான் தெரியவந்தது. கடைசியில் எதை எதற்கு மாற்றினான் தெரியுமா? அப்பா வைத்த ய-வை விட்டுவிட்டு, நான் போட்ட வ-வைத்தான் எல்லா இடத்திலும் நிரந்தரமாக்கிக்கொண்டான். சான்றிதழை மாற்றுவதுதான் கஷ்டமாம், மற்றதை மாற்றுவது சுலபமாம். அவன் கல்யாணப் பத்திரிகையிலும் வ. என்னை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டான். நானும் போட்டுக்கொண்டு வந்தேன்.

அவன் அப்பா இறந்தபோது அடித்த போஸ்டரில் மட்டும், மகன்கள் வரிசையில், ய இருந்தது. அதைப் பார்த்தபோதுகூட என் மனசுக்குள் என்ன தோன்றியது என்றால், அச்சகத்துக்காரன் தப்பு விட்டுவிட்டான் என்று.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். நீயும் அந்தச் சார்ட் படத்துக்குக் கீழே ஒரு கும்பிடு போட்டிருந்தாய். நாற்பது பேரில் உன் கும்பிடுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

சார்ட் என்ன ஆயிற்று என்று சிலர் கேட்கக்கூடும். புது அட்டை வாங்கித் தருகிறேன் என்றேன், பேத்தி வேண்டாம் என்றுவிட்டாள். என் வட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டு, "இது என் தாத்தா போட்டது, இதைப் பற்றியும் பேசப்போகிறேன்" என்று எழுதிக்கொண்டு போனாள். பத்து நிமிஷப் பேச்சில் ஆறு நிமிஷம் என் வட்டத்தைப் பற்றியாம். வகுப்பில் ஒரு மெக்சிகோப் பையன் எழுந்து, தன் பெயரின் மேல் உள்ள கோட்டை இதுவரை எந்த வாத்தியாரும் போட்டதில்லை என்று சொன்னானாம். அந்த டீச்சர் அங்கேயே பதிவேட்டை எடுத்துப் போட்டார்களாம். அந்த அம்மாவை எனக்குத் தெரியாது. அவர்களுக்கு என் வணக்கம்.

தலைமையாசிரியர் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் உங்கள் பள்ளியில் நாமினல் ரோல் எழுதும்போது, பெயரை எப்படி எழுதுவது என்று அந்தப் பிள்ளையிடமும் பெற்றவர்களிடமும் ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள். கைநாட்டு வைக்கிறவராக இருந்தாலும் கேட்கச் சொல்லுங்கள்.

நான் அடுத்த மாதம் இருபதாம் தேதி ஊருக்கு வருகிறேன். ய-க்காரத் தம்பி, உனக்கு இன்னும் அந்த எழுத்து வேண்டுமென்றால் சொல். எந்த அலுவலகமாக இருந்தாலும் வந்து, அன்று மாற்றியது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். வேண்டாம், வ-வே பழகிவிட்டது என்றால் அதுவும் உன் இஷ்டம். எப்படி எழுத வேண்டும் என்று மட்டும் சொல், என் போனில் உன் எண்ணை அப்படியே பதிந்துகொள்கிறேன். மாலை ஏழு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.